இரண்டு நோட்டில் அரை நிமிடம்

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழு பென்சிலையும் சீவினேன். சீவியதையே மறுபடி சீவினேன். கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். நாடாளுமன்றத்தின் சுருக்கெழுத்தாளர் அறையில் என்னைச் சேர்த்துப் பதினொரு பேர். மற்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நடந்துகொண்டார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும். மறுநாள் காலை பத்து மணிக்கு என் தம்பி நீதிமன்றத்தில் நின்று, ஒரு மனிதனைக் காரால் மோதிக் கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறான். கொன்றவன் அவன் இல்லை. அது எனக்குத் தெரியும், என் வீட்டு மின்விசிறிக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன்பு, சாயங்காலம் ஆறேகாலுக்கு, ஓர் உறுப்பினரின் கார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தச்சர் ஒருவர்மேல் மோதியது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அந்த உறுப்பினருக்கு ஓட்டுநர் என் தம்பி. ஆனால் அந்த ஆறேகாலுக்கு அவன் என் வீட்டில் ஸ்டூல்மேல் நின்று, கரகரவென்று சத்தம் போட்ட மின்விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் முடிடா என்று திட்டிக்கொண்டிருந்தேன். உறுப்பினர் மத்தியானமே ஒரு விருந்துக்குப் போயிருந்தார். போன இடத்தில் சாவியை வாங்கிக்கொண்டு, நானே ஓட்டிக்கறேன், நீ வீட்டுக்குப் போ என்று இவனை அனுப்பிவிட்டார். ஆறரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகியபடியே தம்பி ஓடினான். வண்டியை ஓட்டியது ஓட்டுநர், உறுப்பினர் வண்டியிலேயே இல்லை என்று மறுநாள் செய்தி வந்தது. தம்பியை ஊதச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் காட்டவில்லை. காட்டாது. அவன் குடியை விட்டு நாலு வருடமாகிறது. ஊத வேண்டிய வாய் வேறு ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். "அக்காதானேம்மா, நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர், பேனாவைத் திறக்காமலே.

தம்பியிடம் ஏன்டா ஒத்துக்கிட்டே என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை போனது. "அவர் இல்லன்னா எனக்கு லைசென்ஸே திரும்பக் கெடச்சிருக்காதுக்கா" என்பான். ஆறு வருடத்துக்கு முன்னால் இவன் குடித்துவிட்டு ஓட்டி இரண்டு தடவை பிடிபட்டவன். அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததும் என்னிடம்தான் வந்து நிற்பான். "நேத்து நான் என்னக்கா செஞ்சேன்?" நான் வரிசையாகச் சொல்வேன்: பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தாய், பால்காரரை அடிக்கப் போனாய், வாசலில் விழுந்தாய். மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பான். தான் செய்ததை அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்வது அவனுக்குப் பழகிப்போன விஷயம். இப்போதும் அதே கதைதான். "ஐயா விடவே இல்லக்கா. நீதான் ஓட்டினே, புரியுதான்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. சொல்லச் சொல்ல, எனக்கே ஒருவேளை அப்படித்தானோன்னு ஆயிடுச்சு." இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்மேல் பாதி, இவன்மேல் பாதி.

இந்த நிலைமையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கும் மசோதா அன்றைக்கு அவைக்கு வந்தது. "இன்னிக்கு லீவு போட்டுக்கயேன்" என்று எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் மேடம் காலையில் கேட்டார். வீட்டில் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார என்னால் முடியாது என்று சொல்லவில்லை. வேலை இருக்கு மேடம் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். அவையின் நடுவில், சபாநாயகருக்குக் கீழே ஒரு மேஜை. அதில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்போம். ஒருவருக்கு ஐந்து நிமிடம். அடுத்தவர் அரை நிமிடம் முன்னதாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவார். அந்த அரை நிமிடம் மட்டும் இரண்டு நோட்டிலும் இருக்கும். ஒரு சொல்லும் நழுவிப்போகக் கூடாது என்பதற்காக யாரோ புண்ணியவான் எப்போதோ செய்த ஏற்பாடு. ஒலிப்பதிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நேரம் முடிந்து மணி அடித்ததும் பேசுகிறவரின் மைக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் நிறுத்துவதில்லை. 'இது குறிப்பில் ஏறாது' என்று சபாநாயகர் சொல்லும் வரைக்கும் நாங்கள் எழுதியாக வேண்டும். மைக் இல்லாத பேச்சுக்கு எங்கள் பென்சில்தான் ஒரே சாட்சி.

எனக்கு அடுத்த முறைக்காரர் டேப். உண்மையான பேரைச் சொன்னால் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. டேப் ரெக்கார்டர் மாதிரி எழுதுவார். திக்கினால் திக்கலையும், இருமினால் இருமலையும் எழுதுவார். நாங்கள் மற்றவர்கள் அப்படி இல்லை. ஓர் உறுப்பினர் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் திருத்துவோம், பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்து வைப்போம், அழுது புலம்பினால் அதை ஒரு கௌரவமான வரியாக்குவோம். இதில் கை தேர்ந்தவள் என்று எனக்குப் பத்தொன்பது வருடப் பேர். மூன்று வருடத்துக்கு முன்னால், டேப் எழுதுவது குப்பை, அவையின் மானம் போகிறது என்று மேடத்துக்கு எழுத்திலேயே புகார் கொடுத்தவளும் நான்தான். அதனால் அவருடைய பதவி உயர்வு நின்றுபோனது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பதினொரு மணிக்கு விவாதம் தொடங்கியது. ஒருவர், இருமல் மருந்து குடித்தவனையும் பிடித்துக்கொண்டு போவீர்களா என்று பத்து நிமிடம் கவலைப்பட்டார். இன்னொருவர் சாலையில் விளக்கே இல்லாதபோது குடித்தவன் என்ன, குடிக்காதவன் என்ன என்று கேட்டார். பின்வரிசையில் ஒருவர் நன்றாகத் தூங்கினார். நான் என் முறை முடிந்து வெளியே வருவதும், தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதும், மறுபடி உள்ளே போவதுமாக இருந்தேன். அந்த உறுப்பினர் எழுந்திருக்கும்போது மேஜையில் இருப்பது நானாக இருக்கக் கூடாது என்று ஒரு நிமிடம் நினைப்பேன். நானாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த நிமிடம் நினைப்பேன்.

நான்தான் இருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவர் எழுந்தார். எங்கள் அறையில் அவருக்கு வைத்த பேர் அருவி. விழ ஆரம்பித்தால் நிற்காது.

"இந்தச் சட்டம் என் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கட்டும்" என்றார். "என் ஓட்டுநர் செய்த பிழைக்காக நான் வெட்கித் தலைகுனிகிறேன். பழைய குடிகாரன் ஒருவன்மீது இரக்கப்பட்டு வேலை கொடுத்தேன். அந்த இரக்கத்துக்கு ஒரு உயிர் பலியாகிவிட்டது." மேஜை தட்டினார்கள். நான் எழுதினேன். அவரைப் பொறுத்தவரை நான் அந்த மேஜையின் இன்னொரு கால். எங்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

டேப் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதே நேரத்தில் மணி அடித்தது. மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. எதிர்வரிசையில் கூச்சல். "நீங்கதான் வண்டியிலேயே இல்லையே, என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" என்று யாரோ கத்தினார். அருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக் இல்லாமலே, கூச்சலுக்கு மேலே பேசினார்.

"எனக்கா தெரியாது? அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருந்த ரம்பத்தில் வெயில் பட்டு என் கண்ணில் அடித்தது. பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது..."

அதோடு நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். கூச்சலில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. சபாநாயகரும் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரை அழைத்தார். என் ஐந்து நிமிடம் முடிந்தது. எழுந்து வெளியே வந்தேன். கால் தரையில் பாவவில்லை. சொல்லிவிட்டான், சொல்லிவிட்டான் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு அறைக்கு ஓடினேன். ஓடியபடியே நோட்டைப் பிரித்தேன்.

நோட்டில் இப்படி இருந்தது: 'அந்தத் துயரம் நான் அறியாததல்ல, என் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.'

மூன்று தடவை படித்தேன். என் கையெழுத்துதான். என் காது அவர் சொன்னதைக் கேட்டது. என் கை பத்தொன்பது வருடப் பழக்கத்தில், கௌரவமாக, அவர் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை எழுதிவிட்டது. ரம்பம் இல்லை, திரும்பிப் பார்த்தது இல்லை. என் தம்பிமேல் பழியை ஏற்றிவைத்து, அழகாக ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறேன். அந்தக் கையை அப்படியே கதவிடுக்கில் வைத்து நசுக்கலாம் போல இருந்தது.

பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் இருந்தது. பென்சிலை எடுத்தேன். இப்போது எழுதிச் சேர்த்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் சேர்க்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டத்தில் எழுதிய கோடும் உட்கார்ந்து எழுதிய கோடும் வேறு வேறு. எங்கள் தொழிலில் இருக்கிற எவரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் டேப்பின் நோட்டையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள். அந்தப் பயத்தில்தான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

டேப் தன் முறை முடிந்து வந்தார். நோட்டைக் கையை வைத்து மறைத்துக்கொண்டு தட்டச்சுக்கு உட்கார்ந்தார்.

"சார், அந்த முதல் அரை நிமிஷத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"அடிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி காட்டக் கூடாதும்மா. விதி."

"ஒரே ஒரு வரி சார்."

"நீங்க பக்கத்துல நின்னா எனக்குத் தப்பு வரும். அந்தப் பக்கம் போங்க."

அந்தப் பக்கம் போனேன். அவர் இரண்டே விரலால் அடிக்கிறவர். ஒரு எழுத்து, ஒரு மூச்சு, ஒரு எழுத்து. ஜன்னலுக்குப் போனேன், தண்ணீர்க் குழாய்க்குப் போனேன், குடிக்காமல் திரும்பி வந்தேன். அவர் எனக்கு நல்லது செய்ய ஒரு காரணமும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'நாளைக்கு வெள்ளைச் சட்டை போடட்டுமா?' கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

மூன்றரைக்கு மேடம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள். ஒன்று என்னுடையது, ஒரு வரி. மற்றது டேப்புடையது, ஏழு வரி. அதில் அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். ரம்பத்தில் வெயில் பட்டது. 'நான் மிதித்தது' என்பதற்குப் பிறகு மூன்று புள்ளி வைத்து, 'உறுப்பினர் தண்ணீர் குடித்தார்' என்றுகூட எழுதியிருந்தார்.

"ரெண்டும் ஒரே அரை நிமிஷம்" என்றார் மேடம். "ஒத்துப்போகலன்னா, யார் எழுதினது தப்போ அவங்க கையெழுத்துப் போட்டு ஒத்துக்கணும். இல்லன்னா முறைக்காரர் நோட்டுதான் நிக்கும். அப்போ முறை உன்னோடது."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. அருவி உள்ளே வந்தார். பேசியவர்கள் மாலைக்குள் வந்து தங்கள் பேச்சைப் படித்துப் பார்த்து, வாய் தவறியதைத் திருத்தலாம் என்பது வழக்கம். பொருளை மாற்றக் கூடாது. இவர் இதுவரை வந்ததே இல்லை.

இரண்டு தாளையும் படித்தார். டேப்புடையதைப் படிக்கும்போது காது சிவந்தது. பிறகு சிரித்தார்.

"கூச்சல்ல ஏதோ உளறியிருக்கேன். இந்த ஒரு வரி சரியா இருக்கு, இதையே போட்டுடுங்க. யாரு எழுதினது? நீயாம்மா? ரொம்ப நல்லா எழுதியிருக்கே."

பத்தொன்பது வருடத்தில் ஓர் உறுப்பினர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. உடம்பு கூசியது.

"தப்பா எழுதியிருக்கேன் சார்" என்றேன். "நீங்க அப்படிச் சொல்லல. அவர் எழுதினதத்தான் நீங்க சொன்னீங்க."

மேடம் என்னையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு. உறுப்பினர் பேச்ச மாத்தி எழுதினேன்னு கையெழுத்துப் போட்டா, நீ திரும்ப அந்த மேஜையில உக்கார முடியாது. கோப்பு அறைக்குத்தான் போகணும்."

"மாத்தித்தான் மேடம் எழுதினேன். இன்னிக்கு மட்டும் இல்ல."

படிவத்தை நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கை அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

அருவி என்னை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார். "நீ யாரு?"

"உங்க டிரைவரோட அக்கா."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "அவைக்குள்ள பேசினத வெச்சு எந்தக் கோர்ட்டும் என்னைக் கேள்வி கேக்க முடியாது. அது தெரியுமில்ல உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும் சார்" என்றார் மேடம். "நாங்க கோர்ட்டுக்கு அனுப்பல. அச்சுக்குத்தான் அனுப்பறோம்."

அவர் சொன்னது நிஜம். அவையில் பேசியதற்காக ஒருவர்மேல் வழக்குப் போட முடியாது. அந்த ஏழு வரியால் அவருக்கு ஒரு நாள் தண்டனைகூடக் கிடைக்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையும் போயிற்று, ஒன்றும் ஆகவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டேப் தாழ்வாரத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், ரொம்ப நன்றி."

"உங்களுக்காக எழுதலம்மா. அவரு சொன்னாரு, எழுதினேன்."

"அந்தப் புகார்... நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

அவர் பென்சில் முனையை ஊதினார். "அதுல ஒரு தப்பு இருந்துச்சு. மந்திரி எட்டு தடவ இருமினதையும் எழுதிட்டேன்னு போட்டிருந்தீங்க. ஒன்பது தடவ."

ஆறு மணிக்கு அச்சான பக்கம் வந்தது. ஒரு பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். நின்றுகொண்டே போனேன். இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

தம்பி என் வீட்டில்தான் இருந்தான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தான். கையில் வக்கீல் எழுதிக் கொடுத்த தாள். பரீட்சைக்குப் படிப்பது மாதிரி உதட்டை அசைத்து அதைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். 'நான் வேகமாக வந்தேன். எதிரில் வந்தவரைக் கவனிக்கவில்லை.' நான் அச்சான தாளை அவன் கையில் கொடுத்து, அந்த ஏழு வரியைக் காட்டினேன். அவன் மெதுவாகப் படிப்பான். எனக்குத்தான் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்விட்டு வந்தேன்.

"ரம்பமா?" என்றான்.

"பின்னாடி கட்டியிருந்துச்சாம்."

"எதிர்ல வந்தாருன்னுல்ல இதுல இருக்கு. அவர் முன்னாடி போயிட்டா இருந்தாரு?" இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "திரும்பிப் பாத்தாராக்கா?"

"பாத்திருக்காரு."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பன்னெண்டு நாளா கண்ண மூடினா ஒரு சைக்கிள் வருதுக்கா. ஓட்டறவருக்கு மூஞ்சியே இல்ல. அப்பல்லாம் குடிச்சிட்டு மறந்துபோவேனே, அது மாதிரி மறந்துட்டேன்னு நெனச்சேன். எப்படியாவது அவர் மூஞ்சி ஞாபகத்துக்கு வரணும்னு ராப்பகலா..." மேலே சொல்ல முடியாமல் அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவினேன். அன்று முழுக்க ஓரிடத்தில் நிற்காத என் கால் அப்போதுதான் நின்றது.

வெகுநேரம் கழித்து அவன் நிமிர்ந்து பார்த்தான். மேலே மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆறேகாலுக்கு நான் இதத்தானேக்கா மாட்டிட்டு இருந்தேன்?"

"ஆமாண்டா. நான்தானே ஸ்டூலப் புடிச்சிட்டிருந்தேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். பழைய காலைகளில் என்னிடம் வந்து நின்று கேட்பானே, அதே குரலில் கேட்டான்: "அப்ப நாளைக்குக் கோர்ட்ல இத மட்டும் சொல்லட்டுமாக்கா?"